துலக்கிய பிரதி

நவம்பர். வூச் நகரம்.
பஞ்சாலையாக இருந்த அரங்கில்
நூற்பு எந்திரங்களின் ஆணித்துளைகள் இன்னும் தரையில்.
ஏழாம் வரிசை, பதினொன்றாம் இருக்கை.
எனக்கு முன்னே ஒரு பையன். இந்தப் படம் வந்தபோது
அவன் அம்மாவே பிறந்திருக்க மாட்டாள்.

முதல் பாகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை,
ஹால்ஷ்காவும் நானும்.
எண்பத்தெட்டில், லாரி ஓட்டும் ஹிபோலித்
எங்கிருந்தோ வாங்கிவந்த கேசட்டில்
இரண்டாம் பாகம் மட்டும்தான் இருந்தது.
ஆகவே எங்களுக்குப் பிரபஞ்சம்
நடுவிலிருந்து தொடங்கியது.
யார் யாருக்கு எதிரி, தளபதிக்கு ஏன் ஒரு கை உலோகம்,
எதுவும் தெரியாது. தெரியாததில் குறையும் இல்லை.

பேசியவர் ஒரே ஆள்.
தளபதி, வில்லன், குழந்தை, காதலைச் சொல்லும் பெண்,
எல்லோர் மேலும் அந்த ஒற்றை ஆண்குரல்
ரயில் நேரம் வாசிப்பதுபோல வாசித்துப் போகும்:
உன்னை விட்டுப் போகமாட்டேன் கதவை மூடு நாம் சாகப்போகிறோம்.
அவருக்கு ஜலதோஷம். நாற்பதாவது நிமிடத்தில் தும்முவார்.
நாங்களும் தும்முவோம்.

இன்று யாரும் தும்மவில்லை.
எந்திர மனிதனுக்குப் பெண்குரல் என்பதை
நாற்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

எல்லாம் துல்லியம். கொடுமையான துல்லியம்.
வில்லனின் கன்னத்தில் பரு.
உலோகக் கையின் மணிக்கட்டில் ஒட்டுநாடா.
மூன்றாம் நிலவைக் கடக்கும்போது
நாங்கள் ஒவ்வொரு முறையும் கைதட்டிய வால்மீன்
வரவில்லை.
யாரும் அதைத் துடைத்துவிடவில்லை.
படத்தில் அது இருந்ததே இல்லை.
எங்கள் கேசட்டின் கீறல் அது, எங்கள் வானத்தில் மட்டும் போனது.
என் கைகள் பாதி உயர்ந்து நின்றன.
பையன் திரும்பிப் பார்த்தான்.

பிறகு ஐம்பத்தோராவது நிமிடம்.
அங்கேதான் அப்பா
தப்பாகச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.
வழிகாட்டி இலேரா கதவைத் திறக்கிறாள், திறந்ததும்
பனிச்சறுக்குத் தாவல் போட்டி.
நான்கு நிமிடம். ஆஸ்திரியாக்காரன்,
நூற்றுப் பதினான்கு மீட்டர், எதிர்காற்று.
மறுபடி படம். நடைக்கூடம். இலேரா இல்லை.
தளபதி ஓடுகிறார்,
தரையில் இருக்கும் ஒரு ஜோடி பூட்ஸைச் சுற்றிக்கொண்டு.

எத்தனை குளிர்காலம் பேசினோம்!
ஒளியாகிவிட்டாள் என்பாள் ஹால்ஷ்கா.
துரோகி, எதிரிக் கப்பலில் ஏறிவிட்டாள் என்பேன்.
இதற்காக ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க முகம் கொடுக்கவில்லை.
பூட்ஸ், படப்பிடிப்பில் எவரோ மறந்துவிட்டுப் போனது.
அதில் மட்டும் எங்களுக்குள் சண்டையில்லை.

கதவு திறந்தது.
சின்ன அறை. ஒரு நெம்புகோல்.
யாராவது அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்,
கப்பல் கிளம்பும்வரை, கிளம்பிய பிறகும்.
இலேரா ஒன்றும் சொல்லவில்லை.
உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். பூட்ஸைக் கழற்றிக்
கதவுக்கு வெளியே ஜோடியாக வைத்தாள்,
பவுட்டி ஃபிளாட்டில் சேறு உள்ளே வராமல் வைப்போமே, அப்படி.
காலுறையில் பெருவிரலருகே ஓட்டை.
மீதி நேரம் எந்திரத்தின் முனகல்.
அவ்வளவுதான்.

எழுந்து நின்றுவிட்டேன் போல.
பின்னாலிருந்து யாரோ, உட்காருங்கம்மா, என்றார்கள்.

டிராம் நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டேன்.
கிதீனியா துறைமுகத்தில், பாரந்தூக்கியின் கூண்டில்,
ஹால்ஷ்காவுக்கு இரவுப் பணி.
படம் எப்படி என்று கேட்கவில்லை.
"அந்த நாலு நிமிஷம்?" என்றாள்.
அப்புறம் அவளே அவசரமாக,
"இல்லை, இரு," என்றாள்.
இருந்தேன். கீழே எங்கோ சங்கிலி இழுபடும் சத்தம்.

"ஆஸ்திரியாக்காரன் தாண்டினான்," என்றேன்.

"எவ்வளவு?"

"நூற்றுப் பதினான்கு."

"காற்று?"

"எதிர்காற்று. டிராம் வந்துவிட்டது, வைக்கிறேன்."