போட்டோவுக்கு இடம்

செக்காலை ரோட்டில் வயிரவன் அச்சகம்.
கம்ப்யூட்டரில் நான்,
மெஷினில் அடைக்கலம் அண்ணன்.
காதுகுத்து, கடைதிறப்பு, கண்ணீர் அஞ்சலி
எல்லாவற்றுக்கும் எழுத்துக் கோப்பது பகல்.
எட்டரைக்கு மேல் நான் யாருக்கும் கிடைக்கமாட்டேன்.
எட்டரைக்கு ‘ஆறாவது மருமகள்’.

சிரிக்காதீர்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு எபிசோடு, ஒன்று விடவில்லை.
காய்ச்சலில் கிடந்த அன்று
ரூமில் கூட இருக்கும் நாச்சம்மை
சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.
கண்ணை மூடிக்கொண்டே பார்த்தேன்.
மூன்று இடி இடித்தால்
மாமியார் திரும்புகிறாள் என்று
தெரியாதா எனக்கு?

குறை இல்லாமல் இல்லை.
கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் எடுக்கிறார்கள்.
முகப்பில் கோபித்துக்கொண்டு இறங்கும் மலர்க்கொடி
அடுத்த ஷாட்டில் மெரினாவில் நின்று அழுகிறாள்.
எதில் போனாள்?
பல்லவன் விடிகாலையிலேயே போயிருக்குமே.
இரண்டாம் கட்டில் அவர்கள் போடும் சதி
தூணுக்குப் பின்னால் நிற்பவளுக்கு மட்டும் கேட்கிறது.
அந்த மாதிரி வீட்டில்
சாவிக்கொத்து விழுந்தாலே
அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

மலர்க்கொடியையும் மாற்றிவிட்டார்கள்.
திங்கள்கிழமை வேறொரு பெண்
காபி கொண்டுவந்தாள்.
‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று
கீழே ஒரு வரி, நான்கு விநாடி.
புருஷன் வாங்கிக் குடித்தான்,
முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.
அந்த ஓர் இடம் அப்படியே நிஜம்டி
என்றாள் நாச்சம்மை.

ஒன்பதுக்குச் செய்தி.
நாலு பெட்டியில் நாலு பேர்
ஒன்றாகப் பேசுகிறார்கள்.
‘ஒரே ஒரு நிமிடம்’ என்று
நெறியாளர் பத்து நிமிடமாகக் கெஞ்சுகிறார்.
போன ஐப்பசியில் இங்கே விடாத மழை.
எங்கள் கடைக்குள்ளேயே முழங்கால் தண்ணீர்,
நாற்பது ரீம் பேப்பர் ஊறிப்போனது.
கீழே ஓடும் பட்டையில் நாங்களும் வந்தோம்:
‘காரைகுடியில் கனமழை’.
ஒற்று இல்லை.
ஊரே நனைந்ததற்கு
ஒரு க் போடக் கூடாதா?
போன் செய்தேன்.
ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது.
அதற்குள் பட்டை
வேறு ஊருக்குப் போய்விட்டது.

ஆடியில், பத்திரிகை வேலையே இல்லாத நேரத்தில்
கிருபாகரன் வந்தார், சீரியல் கம்பெனி மேனேஜர்.
‘கல்யாணப் பத்திரிகை. அஞ்சே அஞ்சு.’
யாருக்கு யார் என்று
ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது.
மூன்று வாரம் நாச்சம்மையிடம் வாய் திறக்கவில்லை,
உதட்டில் புண் வந்த மாதிரி திரிந்தேன்.
அவர் கொடுத்த தேதி அஷ்டமி.
‘யாரும்மா பாக்கப்போறா?’
‘நான் பார்ப்பேன் சார்.’
ஆவணியில் நல்ல நாளாகப் பார்த்து மாற்றினேன்.
திரையில் வந்தது ஒரு விநாடி, அதுவும் தலைகீழாக.
தாலி, வழக்கம்போல, கழுத்துக்கு அரை அடியில் நின்றது.
முகூர்த்தத்தில் தப்பில்லை. அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று சாயங்காலம் மறுபடி வந்தார்.
கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பத்து.
‘பேர் சொல்லுங்க சார்.’
‘பேரும் போட்டோவும் அப்புறம்.
வியாழக்கிழமை ரேட்டிங் வரட்டும்.’

என்னைக் கேட்டால் மாமனார் போகலாம்.
நூறு எபிசோடாக நாற்காலியை விட்டு எழவில்லை.
புது மலர்க்கொடியைத் தொடக் கூடாது,
வந்து எட்டு நாள்தான்,
அழுகையே இன்னும் பிடிபடவில்லை அந்தப் பெண்ணுக்கு.
கேட்கவில்லை.
பில்லை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கறுப்புப் பட்டை இழுத்தேன்.
இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.
‘ஆழ்ந்த வருத்தத்துடன்’.
த் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.
நடுவில் நாலு அங்குலம் வெள்ளை.

அடைக்கலம் அண்ணன் எட்டிப் பார்த்துத்
துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.
‘யாரும்மா தவறுனது?’
‘வியாழக்கிழமை தெரியும்ண்ணே.’
மணி எட்டு இருபது.
ஸ்கூட்டி சாவி எங்கே வைத்தேன்.