அம்புக்குறி

களியக்காவிளைச் சரிவில்
றோட்டுக்குக் கீழே எங்கள் அச்சகம்.
ஐப்பசியில் தரையே ஊறும்.

குழியிலிருந்து மோட்டார் தள்ளும், நிற்கும்.
பாதிக் குழாய் ஏறிய வெள்ளம்
மனசு மாறி
தடதடவென்று இறங்கிவிடும்.
மிதவை எழும்பும். மறுபடி மோட்டார்.
அதே நாலு குடத்தை
ஒரு ராத்திரியில் நூற்றுப்பத்து தடவை இறைத்தோம்.
எண்ணியது நான்.
பிறகு மின்வாரியமும் எண்ணியது.

பாறசாலையிலிருந்து ஸ்டெல்லஸ் வந்து
குழாயில் காதை வைத்தான்.
"வால்வு உண்டு, கேட்டியளா. நாக்குதான் மூடல்ல."
கழற்றினான்.
பித்தளை நாக்குக்கு அடியில்
மினுமினுப்புத்தாள் ஒட்டிய ஒரு துண்டு:
முகூர்த்த நேரம் தப்பென்று
கட்டோடு திரும்பி வந்த
கல்யாணக் கார்டு.
விரல்நகம் அளவுதான். அது போதுமாம்.

புதுசை மாட்டினான், அம்புக்குறி றோட்டைப் பார்க்க.
கூலி கொஞ்சம் பணமாக,
மீதிக்கு இருநூறு விசிட்டிங் கார்டு,
ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம்.
நம்பரை மூன்று தரம் வாசித்துக் காட்டச் சொன்னான்.

அன்றைக்கு ராத்திரி மோட்டார் நின்றதும்
ஒரு 'டக்'.
அவ்வளவுதான்.
இறங்கும் சத்தத்துக்காக
விடியும்வரை முழித்திருந்தேன்.