பதினொரு நிமிடம்

நூற்று எழுபத்தேழாம் இலக்க பஸ்
ராஜகிரிய தாண்டும்போதே
தலைப்பு யோசிக்கத் தொடங்கிவிடுவேன்.
சபை கூட இன்னும் அரைமணி இருக்கும்.
என் செய்தியில் பாதி அதற்குள் முடிந்திருக்கும்.

ஊடகக் கலரியில் மூன்றாம் வரிசை எனக்கு.
மேலிருந்து பார்த்தால்
வழுக்கை தெரியும், கைபேசித் திரை தெரியும்.
முகம் வேண்டுமென்றால்
சுவர்த் தொலைக்காட்சியைத்தான் பார்க்கவேண்டும்.

அன்று மூன்று இருபதுக்கு
லோகசுந்தரி எழுந்தார்.
முதல் தடவை உறுப்பினர், பதுளைப் பக்கம்.
கொப்பித் தாளில் எழுதிவந்ததை
விரலால் வரி தொட்டு வாசித்தார்.
நாற்பத்து மூன்று குடும்பம், ஒரே பீலி.
வருடத்தில் ஐந்து மாதம் அதிலும் சேறு.
குழாய்க்கு ஒதுக்கிய காசு
எந்தத் திணைக்களத்தில், எந்தக் கோப்பில் உறங்குகிறதென்று
இலக்கத்தோடு சொன்னார்.

பதினொரு நிமிடம்.
சபையில் பத்தொன்பது பேர், எண்ணினேன்.
ஹெட்போனில் சிங்களத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த பெண்
'பீலி'யில் ஒரு கணம் தடுக்கி நின்று
தேடி, சரியான சொல்லைப் பிடித்தாள்.
அவள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு அமளி.
ஒருவர் மற்றவரின் தாயை இழுத்தார்.
மற்றவர் தண்ணீர்ப் போத்தலை எறிந்தார்.
ஒழுங்குப் பிரச்சினை, ஒழுங்குப் பிரச்சினை என்று
ஒழுங்கில்லாமல் பத்துப் பேர் கத்த
படைகலச் சேவிதர் ஓடிவந்தார்.
கலரியில் எல்லோரும் எழுந்து நின்றோம்,
பதினொரு நிமிடமும் சாய்ந்து கிடந்த முதுகுகள்.

மருதானைக் கந்தோர், இரவு எட்டரை.
போத்தல் முதற்பக்கம், ஐந்து பத்தி அகலம்.
லோகசுந்தரிக்கு
ஒன்பதாம் பக்கத்தில் நாலு பந்தி என்றார்
செய்தி ஆசிரியர் பொனிப்பாஸ்.
பத்தேகாலுக்கு
கொக்குவிலில் பிறந்து ஸ்காபரோவில் காலமான ஒருவரின்
மரண அறிவித்தல் வந்தது. காசு கட்டியாயிற்று.
நௌஃபர் பக்கத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார்.
"ரெண்டு வரிதான் நிக்கும், அண்ணே."

நாற்பத்து மூன்றை வெட்டினேன்.
பிறகு கோப்பு இலக்கத்தை.
பீலியைக் கடைசியாக.
மிஞ்சியது:
மலையகத்தின் குடிநீர் குறித்தும்
உறுப்பினர் லோகசுந்தரி உரையாற்றினார்.
அந்த 'உம்' மட்டும் நான் சேர்த்தது.

அடுத்த மாதம் அவரே போத்தலோடு வந்தார்.
சேற்றுத் தண்ணீர்.
தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தவர்
கமரா திரும்பும்வரை கையை இறக்கவில்லை.
மூன்று பத்தி, வர்ணப் படம்.
"மனுசி பழகிட்டுது" என்றார் பொனிப்பாஸ்.
யாரிடம் பழகினார் என்று
ஒருவரும் கேட்கவில்லை, நானும்.

வரவுசெலவுத் திட்டம் வந்தபோது
கொப்பித் தாள் இல்லை, விரல் இல்லை.
சபை நடுவே இறங்கி நின்று கத்தினார்.
நல்ல கத்தல்.
தலைப்புக்கென்றே அளவெடுத்துத் தைத்த வசனங்கள்,
ஒரு சொல்கூட நான் வெட்ட வேண்டியிருக்கவில்லை.
ஒரு இலக்கம்கூட அதில் இருக்கவுமில்லை.
முதற்பக்கம்.

மறுநாள் பின்னேரம் தொலைபேசி.
"நம்ம மெம்பர் படம் பாத்தோம் சார்.
நல்லா விழுந்திருக்கு.
கொழுந்து நிறுக்கிற எடத்துல ஒட்டிட்டோம்."
அந்த நாற்பத்து மூன்றில் ஒரு வீடா என்று கேட்டேன்.
சிரித்தார்.
"இப்ப முப்பத்தொம்பது.
நாலு வீடு கொழும்புக்கு எறங்கிருச்சு,
ஒங்க பக்கந்தான், வெள்ளவத்தையில ஏதோ கடை."
குழாய்?
"அது வரல சார்."

ஹன்சாட்டை எடுத்துப் பார்த்தேன்.
பதினொரு நிமிடமும் அப்படியே இருந்தது,
பீலி, சேறு, கோப்பு இலக்கம், பக்க ஓரத்தில் நேரம்.
அதற்கு அச்சுப்பிழை பார்த்த யாரோ ஒருவர்
எனக்கு முன்னால் வாசித்திருக்கிறார்.

கொப்பியில் முப்பத்தொன்பது என்று எழுதினேன்.
எந்தப் பக்கத்துக்கு என்று எழுதவில்லை.
நாளை ஒன்பதரைக்குச் சபை.