அன்பளிப்பு என்ற கட்டம்

இசாஃபியோர்துர். பனி மழையாய்க் கரைந்த பிற்பகல்.
பேருந்து ஓட்டும் ஸ்டெய்ன்வோர்
சுங்க அலுவலகச் சன்னலில் நிற்கிறாள்.

ஒஹாயோவிலிருந்து ஓர் அடுப்புக் குமிழ்.
விலை நான்கு டாலர்,
அனுப்பும் கூலி இருபத்தொன்பது.
கூலிக்கும் சேர்த்து வரி,
வரியைக் கணக்கிட்டதற்கும் ஒரு கூலி.
சுண்டைக்காய் இந்தக் குளிரில் முளைக்காது;
சுமைகூலி முளைக்கிறது.

"அனுப்பியவர் அன்பளிப்பென்று குறித்திருக்கிறார்,"
என்கிறார் ஹியால்மர்.
அவர் மகளைத் தினமும் பள்ளியில்
இறக்கிவிடுபவள் இவள்தான்.
"அப்படியென்றால் எதுவும் கட்ட வேண்டாம்.
அன்பளிப்புதானே?"
பேனா காற்றில் நிற்கிறது.
ஆம் என்ற ஒரு சொல் போதும்.

ஒஹாயோவை நினைத்துப் பார்க்கிறாள்.
நினைக்க அங்கே யாருமில்லை.
"எனக்கு யார் அனுப்பப்போகிறார்கள், ஹியால்மர்?
விலைக்குத்தான் வாங்கினேன்."

அவர் நிமிரவில்லை.
முத்திரை விழ நேரமாகிறது.

குமிழ் பொருந்தியது, கொஞ்சம் தளர்வாக.
அட்டைப்பெட்டி நனைந்து பிய்ந்துபோயிற்று.
படிவத்தை மட்டும் கத்தரித்துக்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்:
தன் பெயர், தன் தெரு,
ஹியால்மர் அடித்த கோட்டுக்கு அடியில்
இன்னும் தெரிகிற,
முன்பின் அறியாத ஒரு கை
நீல மையில் இட்ட குறி.