ஏழாம் திருத்தம்

எங்கள் திட்டத்தில் நிலநடுக்கம் எப்போதும்
செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்குத்தான் வரும்.
வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.
சிலேயின் தென்கோடியில், வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில்,
வெயில்!
துணைவேந்தர் ஊரில் இருப்பார்.
தொலைபேசி எடுக்கும்.
ஜெனரேட்டர் முதல் திருகலிலேயே உறுமும்.

நான்தான் எழுதினேன்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஆறு திருத்தம்.
போர்வைக் கிடங்கின் சாவி
ஒராசியோ மன்சீயாவிடம் இருப்பதாக
ஐந்தாம் பிற்சேர்க்கை சொல்கிறது.
ஒராசியோ போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.
சாவி அவன் வீட்டுச் சமையலறையில்
ஓர் ஆணியில் தொங்குகிறது.
கேட்டு வாங்கத்தான் போனேன்.
அவன் மனைவி தேநீர் கொடுத்தாள்.
கேட்காமலே திரும்பிவிட்டேன்.

ஏப்ரலில் ஒத்திகை.
சைரன் இருமுறை இருமிவிட்டுக் கூவியது.
வேதியியல் நான்கு நிமிடத்தில் வெளியே.
கட்டடக்கலை பாதி வழியில்
குடை எடுக்கத் திரும்பிப் போனது.
ஆரஞ்சு மேலங்கியும் அட்டையுமாக
கால்பந்து மைதானத்தில் தலைகளை எண்ணினேன்:
ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
பட்டியலோடு பொருந்தியது.
உள்ளுக்குள் ஒரு சின்னத் துள்ளல்,
மறைப்பானேன்.

கோட்டுக்கு வெளியே, கோல்கம்பத்தின் பின்னால்
நீலச் சீருடையில் ஐந்து பேர், ஒரு வாளி.
எந்தத் துறை என்றேன்.
"கம்பெனி ஆட்கள்" என்றாள் நோல்ஃபா வென்சுமான்.
ஒப்பந்தக்காரரின் ஆட்கள்.
என் பட்டியல் சம்பளப் பிரிவிலிருந்து வந்தது,
அதில் அவர்கள் இல்லை.
எங்களை எண்ணவில்லையா என்று அவள் கேட்கவில்லை.
"முடிந்ததா? மூன்றாம் மாடி ஈரமாக இருக்கிறது,
யாரையும் ஓடவிடாதீர்கள்" என்றாள்.

அறிக்கையில் 'திருப்தி' என்று எழுதினேன்.

ஆகஸ்டில் அது வந்தது.
ஞாயிறு விடியாத நான்கு மணி பதினேழுக்கு.
செவ்வாய் இல்லை, வெயில் இல்லை.
புத்தக அலமாரி கட்டில்மேல் சாய்ந்தது;
இரவு உடைக்குமேல் ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு
திட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு
காரைக் கிளப்பினேன்.
பாலத்தை அடைத்துவிட்டிருந்தார்கள்.

இக்கரையில் நான், நூற்றுப் பன்னிரண்டு பக்கம், வைப்பர்.
அக்கரையில் கட்டடங்கள் மொத்தமும் இருட்டு.
மைதானம் இருக்கும் இடத்தில்
டார்ச் வெளிச்சம் ஒன்று அலைந்தது.
பிறகு இரண்டு.
ஏழு வரை எண்ணினேன்.
எண்ண வேறென்ன இருந்தது எனக்கு?

வாக்கி-டாக்கி கரகரத்தது.
காவலாளியின் கருவி, குரல் நோல்ஃபாவுடையது.
"இரவு முறை நாங்கள் நால்வர். காவல் இருவர்.
சலவை அறையிலிருந்து ஒரு பையன்."
சலவை அறையிலா?
"ஜூனிலிருந்து அங்கேதான் தூங்குகிறான்.
வாடகை கட்ட முடியவில்லையாம்.
பெயர் சொல்லமாட்டேன் என்கிறான்,
எழுதிவிடுவீர்களாம்."

என் பட்டியலைப் புரட்டினேன்,
காருக்குள் சிறு விளக்கு மஞ்சளாய் எரிய.
ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு பெயர்.
அத்தனை பேரும் தத்தம் வீட்டில்.
அங்கே நனைந்து நிற்கும் ஏழு பேரில்
ஒருவர்கூட அதில் இல்லை.
காவலர்கள்? அவர்களும் வேறொரு கம்பெனி.

"பையனுக்கு நடுக்கம் நிற்கவில்லை.
போர்வைக் கிடங்கைத் திறந்துவிட்டோம்" என்றாள்.
சாவி?
"தீயணைப்பானால் அடித்தோம். மூன்றாவது அடியில் விட்டது."

பின்னதிர்வு ஒன்று.
கார் ஒருமுறை எழும்பி உட்கார்ந்தது.
அக்கரையில் டார்ச்சுகள் குவிந்தன, பிரிந்தன.
எண்ணினேன். ஏழு.

"ஐயா" என்றாள், இப்போது குரல் தாழ்த்தி.
"அந்தப் பூட்டின் விலையை
எங்கள் சம்பளத்தில் பிடிப்பார்களா?"

பேசும் பொத்தானை அழுத்தினேன்.
அழுத்தியபடியே இருந்தேன்.
அவளுக்கு வெகுநேரம்
என் பக்கத்து மழைதான் கேட்டிருக்கும்.