சரக்குத் தூக்கி

பத்து நாளுக்கு முன்னமே போன் எடுத்துச் சொல்லவேண்டும்.
சில்லுக் கதிரையின் அகலம், நீளம், எடை,
பற்றரி ஈரமா உலர்ந்ததா,
எழும்பி இரண்டு அடி வைப்பேனா,
துணைக்கு யார்.
என்ன நாடகம் என்று நான் கேட்க
அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள்.
"செவ்வாய் மட்டும்" என்றாள்.
நாடகத்தின் பெயராக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன்.

பீல் நகரத்தின் பழைய பகுதி.
முன்வாசலில் ஒன்பது படி,
நடுவில் தேய்ந்து குழிந்தவை.
அவற்றைத் தொடக்கூடாதாம், மரபுரிமை.
யோகரதி இரண்டு பேரின் கோட்டையும் சுமந்து
மரபுரிமையில் ஏறிப்போனாள்.
எனக்குப் பின் ஒழுங்கை,
மூன்று குப்பைத்தொட்டி தாண்டி ஓர் இரும்புக் கதவு.
இரண்டு மொழியில் எழுதியிருந்தது:
ஆட்கள் ஏறக்கூடாது.

மேடைத் தொழிலாளி ரேத்தோ, காதில் பென்சில்,
என்னையும் கதிரையையும் கூட்டி
நூற்றெண்பத்தாறு கிலோ என்று குறித்து
சரக்குப் பத்தியில் கையெழுத்து வாங்கினார்.

உள்ளே ஏற்கனவே ஒரு பேரிமரம் நின்றது.
கம்பி, வலை, பசை, பச்சைத் துணி.
காலையில் முறிந்த கிளைக்குக்
கீழே பட்டறையில் கட்டுப்போட்டு
இப்போதுதான் மேலே போகிறது.
அதற்கும் அடியில் நாலு சில்லு.
ஒன்று, என்னுடையதைப் போலவே, கிறீச்சிடும்.

ஏழு இருபத்தொன்றுக்கு நாங்கள் நின்றுபோனோம்.

பகலில் நான் கடிகார ஆலையில் முள் பொருத்துபவள்.
நிமிடத்தைச் சாமணத்தால் பிடித்துப் பழகியவள்.
ஏழரை.
ஏழு முப்பத்திரண்டு.
மேலே மணி மூன்றாம் தரம் அடித்துவிட்டு
வெட்கப்பட்டதுபோல் ஓய்ந்தது.
பிறகு கதவுக்கு அந்தப்பக்கம் ஓட்டம்,
ஜெர்மனில் மன்னிப்பு, பிரெஞ்சில் மன்னிப்பு,
நெறியாளரின் குரல், மூச்சு வாங்க:
"ஒன்றும் ஆகவில்லையே? கிளை தாங்குதா?"

தாங்குது என்றேன்.
தமிழிலும் கதவுக்கு இரண்டு சொல் சொன்னேன்.
அதற்கு மன்னிப்பு என்று பொருள் இல்லை.

திரை எழும்போது மேடையில் நிற்கவேண்டிய
ஒரே பொருள் அந்த மரம்.
ஆக, முன்னூறு பேர் காத்திருந்தார்கள்
வெல்வெற் இருக்கைகளில், முழங்கால் இடிக்க,
திறப்பு வைத்திருக்கிறவர் சாப்பிட்டு வரும்வரை
எத்தனையோ கதவடியில் நான் இருந்ததுபோல.
எனக்காக இல்லை, தெரியும்.
என்றாலும் மரத்தின் பக்கம் கொஞ்சம் நகர்ந்தேன்,
கலியாண வீட்டில் ஒரேயொரு தெரிந்த முகத்தின் பக்கம்
போய் ஒட்டிக்கொள்வதுபோல்.

தூக்கி உதறிக்கொண்டு ஏறியபோது
ஒரு பேரிக்காய் கழன்று மடியில் விழுந்தது.
பஞ்சு. மஞ்சளில் ஒரு பக்கம் சிவப்பு.
காம்புக்குப் பதில் ஆணி.
சொல்ல வாயெடுக்குமுன்
மரத்தை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.
பிறகுதான் என்னை.

என் இடம் ஆறாம் வரிசை ஓரம், தூணுக்குப் பின்னால்.
துணைக்கு வந்தவளின் இடம் ஒன்பதாம் வரிசை.
திரை எழுந்ததும் மரத்துக்குக் கைதட்டினார்கள்.
நானும்தான்.

மூன்றாம் காட்சியில் அந்த இளம் நடிகர்
மரத்தடிக்கு வந்து கை உயர்த்தினார்.
காய் இருந்த இடத்தில் ஓட்டை.
அரை விநாடி, என்னைத் தவிர யாரும் எண்ணாதது.
பிறகு காற்றைப் பறித்தார்.
சட்டையில் துடைத்தார். கடித்தார்.
மணிக்கட்டில் வழிந்ததை நக்கினார்.
முன் வரிசையில் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.
சால்வைக்குள் என் கை
களவெடுத்த கையைப்போல் இறுகிக் கிடந்தது,
பசி வந்திருந்தது எனக்கும்.

இறங்கும்போது தூக்கி ஒரு குற்றமுமில்லாமல் ஓடியது.
நாடகம் எப்படி என்றார் ரேத்தோ.
தூண் நன்றாக நடித்தது என்றேன்.
சிரித்தார். மடியைப் பார்த்தார்.
பிறகு பார்க்கவில்லை.

அது இப்போது ஆலையில் என் விளக்கடியில்.
நவம்பரில் அடுத்த நாடகம்.
பத்து நாளுக்கு முன்னமே எடுப்பேன்,
அகலம், நீளம், எடை எல்லாம் சொல்வேன்.
அவள் கேட்டு முடிய
நான் கேட்க ஒன்று இருக்கிறது:
அன்றைக்கு என்னோடு என்ன ஏறுகிறது?