வருகைப் பதிவேடு

மேட்டூரைத் திறந்த சேதி
பேப்பரில் வந்த பதினேழாம் நாள்
எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது.
பதினெட்டாம் நாள்
ஆறாம் வகுப்பில் நாலு பேர் வரவில்லை.
நாலும் பெண்கள்.

நான் கணக்கு டீச்சர்.
மூன்று வருஷப் பதிவேட்டை
அடுக்கி வைத்துப் பார்த்தால்
சிவப்பு மையில் குறுவை நடவு தெரிகிறது,
களை பறிக்கும் வாரம் தெரிகிறது,
தாளடி பிந்திய வருஷத்தில்
ஆப்சென்ட்டும் பிந்தியே விழுந்திருக்கிறது.
வேளாண் துறைக்கு வேண்டுமானால்
ஒரு நகல் தரலாம்.

தையல்நாயகி வீட்டுக்குப் போனேன்.
இடுப்பில் தம்பி.
இன்னொரு கையால்
உலைமூடியைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்:
"அம்மா அஞ்சரைக்கே குட்டியானையில ஏறிடும் டீச்சர்.
பால்வாடி ஒம்பதரைக்குத்தான் தொறப்பாங்க."
அஞ்சரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவே எத்தனை மணி?
கழித்தல் அவளுக்கு நன்றாக வரும்.
விடை அவள் இடுப்பில் உட்கார்ந்து
விரல் சூப்பிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் எழுந்தேன்.
நடவு, களை, அறுப்பு நாட்களிலாவது
பால்வாடியை விடியலில் திறங்கள்,
பெண்கள் கரையேறும் வரை பூட்டாதீர்கள்,
ஆயா பவுனம்மாளுக்கு
அந்த நேரத்துக்கும் சம்பளம் எழுதுங்கள்.
(இப்போதே சில நாள்
பூட்டை மடியில் செருகிக்கொண்டு
இருட்டும்வரை பிள்ளை பார்க்கிறார், சும்மா.
அதைச் சொல்லாதீங்க என்றார்.
சபையில் சொல்லவில்லை.)

வந்திருந்த பற்றாளர் நல்ல மனுஷர்.
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.
"நேரமெல்லாம் மேலேருந்து வர்ற விதி மேடம்,
நாம மாத்த முடியாது."

பின்வரிசையில்
முழங்கால் சேறு காயாமல்
தையல்நாயகியின் அம்மா எழுந்தார்:
"ஆத்துத் தண்ணிக்கு மொறை மாத்துனீங்கள்ல.
கடைமடைக்கு எட்டலன்னதும்
நடுராத்திரி வந்து ஷட்டரத் தூக்குனீங்கள்ல.
பயிரு வாடுனாத்தான்
விதி வளையுமா சார்?"

யாரும் கைதட்டவில்லை.
ஃபேன் மட்டும் கிறீச்சிட்டது.
தீர்மானம் எழுதி வாசித்தார்கள்.
முப்பத்தொன்பது கையெழுத்து,
பதினொரு கைநாட்டு.

அந்தத் தாள் இப்போது எந்த மேசையிலோ.
நாற்றங்காலில் சம்பா
ஒரு சாண் வளர்ந்துவிட்டது.

இன்று காலை ஒன்பதரை.
தையல்நாயகி, என்று கூப்பிட்டுவிட்டு
கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.
பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
வராமல் போனது யார் என்று எழுத
இந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.
அவள் பெயருக்கு நேரேதான்
போட வேண்டியிருக்கிறது.